திண்ணையும் மணலும்

ஒரு பள்ளிக்கூடம் காட்சிச்சாலையாக மாற வேண்டுமானால் முதலில் அது ஒரு கட்டிடமாக இருந்திருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் என்றுதான் படும். ஆனால் நம் பக்கத்துக் கல்விச் சரித்திரத்தைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தால் இந்த இடத்திலேயே இடறுகிறது. செங்கல்லும் காரையுமாக நின்ற பள்ளிகளை நினைவில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பூட்டலாம், வெள்ளையடிக்கலாம், கல்வெட்டுப் பதிக்கலாம், ஒரு மந்திரியை அழைத்துத் திறந்தும் வைக்கலாம். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்த பள்ளிக்கூடத்தை என்ன செய்வது? காலையில் பிள்ளைகள் வந்து உட்காரும்போது அது பள்ளிக்கூடம். அவர்கள் எழுந்து போனதும் மறுபடியும் திண்ணை.

பேட்டையில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி சற்று நெருக்கமாகவே வருகிறது. ஊருக்கு வெளியே சந்தை கூடுமிடத்துக்குத்தான் பேட்டை என்று பெயர். நெல்லையப்பர் கோயிலின் ரத வீதிகளை விட்டு மேற்கே வந்தால் எங்கள் ஊர். செங்கோட்டைக்குப் போகிற ரயில் டவுன் ஸ்டேஷனுக்கு அடுத்தபடியாக இங்கே நிற்கும். மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி இருப்பதும் இங்கேதான். அதன் வயது 1878லிருந்து கணக்கிடப்படுகிறது. பேட்டைக்கு அது வந்தது பிற்பாடு. புதுமைப்பித்தன் அந்தக் கல்லூரியில் படித்து 1931இல் பி.ஏ. முடித்தார். அதன் பள்ளிப் பிரிவில் 1894லிருந்து 1897 வரை, எட்டயபுரத்திலிருந்து அனுப்பப்பட்ட சுப்பிரமணியன் என்ற பையன் படித்தான். அவன் உட்கார்ந்திருந்த வகுப்பறை நெல்லையில் இன்று நினைவிடமாகப் பேணப்படுகிறது. நம் பக்கத்தில் பள்ளியறை ஒன்று காட்சிச்சாலையானதற்கு மிகக் கிட்டத்தில் வரும் உதாரணம் அதுதான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்தப் பள்ளிப் படிப்பைப் பற்றிப் பாரதி என்ன நினைத்தார் என்பது ரகசியமல்ல. 1910இல் வெளிவந்த தன் சுயசரிதைக் கவிதையில் அவரே அதைச் சொல்லிவிட்டார். தந்தைக்குச் செலவு, மகனுக்குத் தீங்கு, நன்மை என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதே அவர் அங்கே கொடுக்கும் கணக்கு. கணிதம் படித்தவனுக்கு வானத்து மீன் தெரியவில்லை, காவியம் படித்தவனுக்குக் கவியின் உள்ளம் தெரியவில்லை என்ற வகையில் அவர் கோபம் நீள்கிறது. தப்பித்து வந்தவன் சிறையைப் பற்றிப் பேசுவதுபோல அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த அறையைத்தான் நாம் அவர் பெயரால் காப்பாற்றி வைத்திருக்கிறோம். காப்பாற்றியது தவறென்று நான் சொல்லவரவில்லை. ஒரு கவிஞனை உருவாக்கியதில் அவன் வெறுத்த இடத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் சொன்ன அந்தக் கணக்கு அந்தச் சுவரில் எழுதப்பட்டிருந்தால் அறைக்கு உள்ளே நுழைகிறவன் கொஞ்சம் யோசிப்பான். நம் நினைவிடங்களின் பழக்கம் வேறு. மாலை போட்ட சிலை, சட்டமிட்ட புகைப்படம், பிறந்த தேதி, மறைந்த தேதி. பெரியவனாகி வெளியே போன ஒருவனின் பெயர் அந்த அறைக்குள் திரும்பி வந்து, அவனோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்களை எழுப்பி அனுப்பிவிடுகிறது. அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள், யார் அடித்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்ற பிரக்ஞையே இல்லாமல் ஒரு வகுப்பறை நமக்குப் புனிதமாகிவிடுகிறது.

அதற்கு முந்திய பள்ளிக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அண்ணாவி என்று பெயர். என் தாத்தா படித்தது அண்ணாவியிடம்தான். பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த திண்ணை அது. பள்ளிக்கூடம் நின்ற பிறகும் ரொம்ப காலத்துக்கு அந்தத் திண்ணைக்குப் பள்ளிக்கூடத்துத் திண்ணை என்றே பேர் இருந்தது. புது மணல் பரப்பி, விரலைப் பிடித்து அ எழுத வைப்பது. மணலில் கை படிந்த பிறகு ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கொஞ்சம் மேலே போனால் நிகண்டு. எல்லாமே சத்தம் போட்டுச் சொல்லி மனதில் ஏற்றுவது. எழுத்தைவிட எண்ணுக்கு அங்கே மதிப்பு அதிகம். நெல்லை அளக்கவும் நிலத்தை அளக்கவும் வட்டி போடவும் தெரிந்த பிள்ளைதான் பெற்றோருக்கு வேண்டும். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்கும் கீழே போகும் பின்னங்களை எட்டு வயதுப் பையன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். இந்த எண்சுவடிப் படிப்பைக் கொன்றது மெக்காலே என்று மேடையில் பேசுவார்கள். எனக்கென்னவோ அதன் கடைசி மூச்சு 1957இல் நயா பைசா வந்தபோதுதான் போயிற்று என்று படுகிறது. மாகாணியும் அரைக்காலும் தெருவில் செலாவணியாக இருந்தவரை ஏதோ ஒரு மூலையில் அந்தப் படிப்புக்கு உயிர் இருந்தது.

அண்ணாவி எல்லாப் பிள்ளைகளையும் தானே பார்த்துக்கொண்டதில்லை. அதற்குச் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த பையன் அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும், அவன் அதற்கடுத்தவனுக்கு. முந்தியநாள் பாடத்தைக் கேட்பது, பிந்தி வந்தவனைப் பிடித்து நிறுத்துவது, அண்ணாவி இல்லாத நேரத்தில் பிரம்பைப் பிடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. பொறுப்பு என்று சொல்வதா, கொடுமை என்று சொல்வதா என்பது யார் நினைவிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. உ.வே.சாமிநாதையர் தன் சுயசரிதையில் தஞ்சைப் பக்கத்துப் பள்ளியைச் சொல்லும்போது, பள்ளி விடும் நேரத்தில் வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ மிருகத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்பியதை நினைவுகூர்கிறார். மறுநாள் காலையில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் இரவு முழுக்க ஒரு பூவின் பெயரை மறக்காமல் சுமந்துகொண்டு தூங்கிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அதே பள்ளிகளில்தான் பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். பூவை மட்டும் எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிடுகிற பழம்பெருமைக்காரர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

இந்தச் சட்டாம்பிள்ளை முறைக்கும் மணலுக்கும் ஓர் அயல்நாட்டு வாழ்க்கை கிடைத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி 1787இல் சென்னை வந்தார். 1789இல் எழும்பூர்க் கோட்டையில் இருந்த ராணுவ ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். பட்டாளத்து வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பெரும்பாலும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு மலபார்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். மலபார் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பொதுவாகச் சொன்னது தமிழரைத்தான். விடுதிக்குத் திரும்பி அதையே செய்யச் சொன்னபோது அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பையன் நன்றாகவே சொல்லிக் கொடுத்தான். பெல் 1796இல் ஊர் திரும்பி, மறுவருஷம் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது இதுதான்.

பெல் இங்கே ஒரு நுட்பமான காரியம் செய்கிறார். மணலை மலபார்ப் பள்ளியில் பார்த்ததாக ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் தன் கண்டுபிடிப்பாக வைத்துக்கொள்கிறார். அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நிரூபிக்க முடியாது. அவர் குதிரையில் இருந்தார். உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு நூற்றறுபது வருஷங்களுக்கும் முன்னால், 1623இல், பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டில் ஒரு கோயில் முகப்பில் நின்று பார்த்திருக்கிறார். நான்கு பையன்கள், பக்கத்தில் வாத்தியார் இல்லை, தரையில் மணலைப் பரப்பி, பாடத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி, ஒருவருக்கொருவர் கணக்குக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் நின்று விசாரித்து எழுதிவைத்தார். பெல் மணலைப் பார்த்தார். வல்லே பையன்களையும் பார்த்தார்.

பிறகு இங்கிலாந்தில் பெல்லுக்கும் ஜோசஃப் லங்காஸ்டருக்கும், அதாவது அவர்கள் பின்னால் திரண்ட இரண்டு மதக் கட்சிகளுக்கும், இந்த முறை யாருடையது என்று பெரிய சண்டை. லங்காஸ்டர் தன் முதல் புத்தகத்தில் பெல்லுக்குப் பட்ட கடனை ஒப்புக்கொண்டிருந்தும் சண்டை நிற்கவில்லை. இரண்டு பேரில் யார் முதல் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். சட்டாம்பிள்ளை அந்த வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

லண்டனுக்கு வடக்கே ஹிட்சின் என்ற சிற்றூரில் லங்காஸ்டர் கட்சியினர் 1810இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1837இல் அங்கே ஒரு பெரிய கூடம் கட்டினார்கள். முந்நூறு பையன்கள், ஒரே வாத்தியார், மற்ற வேலையெல்லாம் சட்டாம்பிள்ளைகள். அந்தக் கூடம் இன்று காட்சிச்சாலை. சட்டாம்பிள்ளை முறைக்கென்றே கட்டிய கூடம் இவ்வளவு முழுமையாக வேறெங்கும் மிஞ்சவில்லை என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நான் போனதில்லை, படங்களில் பார்த்ததுதான். நீளமான கூடம், வரிசை வரிசையாக பெஞ்சுகள். வாத்தியார் இருக்க மேடை. இக்காலப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பழைய காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். பேட்டைத் திண்ணை, கூரையும் சுவரும் பெற்று, ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் காட்சிக்கு இருக்கிறது என்று சொன்னால் மிகைதான். லங்காஸ்டர் அதை ஓர் ஆலையைப் போல இயங்க வைத்துவிட்டார். திண்ணையில் முப்பது பேர் என்றால் இங்கே முந்நூறு. அண்ணாவிக்குப் பையனின் தாத்தாவைத் தெரியும். ஹிட்சின் வாத்தியாருக்குப் பையனின் எண் தெரிந்தால் போதும். இருந்தாலும் மணலிலிருந்து தொடங்கிய அந்த முறையை ஒருவன் உடம்பால் உணர்ந்து பார்க்க வேண்டுமென்றால் இன்று அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

செயின்ட் ஆண்ட்ரூஸிலோ பெல் விட்டுப்போன பணத்தில் 1833இல் ஒரு பள்ளி வந்தது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். 1996இல் மெட்ராஸ் என்ற பெயரை மெட்ராஸே விட்டுவிட்டது. ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்னும் அந்தப் பெயர் போட்ட பள்ளிக்குப் போகிறார்கள். எழும்பூர்க் கோட்டை இருந்த இடத்தில் 1908இல் ரயில் நிலையம் திறந்தார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் விடிகாலையில் பெட்டியோடு இறங்குகிற எங்கள் ஊர்க்காரன், ஜான் ஃபிரிஸ்கன் மணல் பரப்பிய வட்டாரத்தில்தான் ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறான்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பொருள்களுக்கு இப்படி வெளியே போய் அங்கீகாரம் பெறும் ஜாதகம் ஒன்று இருக்கிறது போலும். 1876இல் ஜெர்மானியர் யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. எத்தனையோ வருஷங்கள் கழித்து, 2025 டிசம்பரில்தான், ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் திறந்தது. தாழிக்கு ஒரு வழியாக வீடு கிடைத்துவிட்டது. தாழி கெட்டியான பொருள், மண்ணுக்குள் காத்திருக்கும். மணலில் எழுதியது அடுத்த எழுத்துக்கே காத்திருப்பதில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, திண்ணைதான் நம் பொற்காலம், கட்டிடம் வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்று முடித்துவிடச் சபலம் தட்டுகிறது. அப்படி முடிக்க ஆதாரமும் கைவசம் உண்டு. 1822இல் கவர்னர் மன்றோ ஜில்லா கலெக்டர்களைப் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்தபோது சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். திருநெல்வேலி உள்ளிட்ட தமிழ் ஜில்லாக்களில் பிராமணரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை. தரம்பால் 1983இல் இந்தக் கணக்கை எடுத்து அச்சேற்றியபோது பலருடைய கண் திறந்தது, என்னுடையதும்தான். ஆனால் அந்த 1,88,650இல் பெண் பிள்ளைகள் 4,540. ஜனத்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். திண்ணைப் படிப்பின் பெருமையைப் பேசுகிறவர்கள் முதல் எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்.

திண்ணை யாருடையது என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. திண்ணை ஒரு வீட்டின் பகுதி. வீடு ஒரு தெருவில் இருக்கிறது. தெரு ஒரு ஜாதியினுடையது. பள்ளிக்கூடத்துக்குத் தனியாகச் சுவர் இல்லை என்பதை நான் இதுவரை ஏதோ ஒரு விடுதலை போலச் சொல்லிவந்தேன். அதற்குச் சுவர் தேவைப்படவில்லை என்பதுதான் சரி. தெருவே சுவராக இருந்தது. அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாதவன் மகன் அந்தத் திண்ணையில் எப்படி ஏறுவான்? பாளையங்கோட்டையில் 1820இல் வந்திறங்கிய ரேனியஸும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் கட்டிய ஓலைக்கூரைப் பள்ளிகளுக்கும், பிறகு எழுந்த காரைக் கட்டிடங்களுக்கும் இந்த இடத்தில்தான் அர்த்தம் வருகிறது. யார் வீட்டோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிற நாலு சுவர். யாருடைய திண்ணையிலும் ஏற வேண்டாம். மதம் மாற்றத்தான் கட்டினார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த பையனுக்கு அது கட்டியவன் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை.

இடையன்குடிக்குப் போனால் இது ஸ்தூலமாகத் தெரியும். 1841இல் கால்டுவெல் அந்தத் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒப்பிலக்கணம் எழுதியவராக மட்டும் அவரை நமக்குத் தெரியும். அவர் மனைவி எலிசா பனையேறிகளின் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுக்கப் பள்ளி நடத்தினார். அவர்கள் வாழ்ந்த வீடு 2011லிருந்து அரசு நினைவில்லம். அங்கேயும் பெரியவர் சிலையாக இருக்கிறார். 1849இல் அந்த மக்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பிற்பாடு அந்த மக்களையே புண்படுத்தியது என்பதும் சரித்திரம்தான். நினைவில்லங்களுக்கு இந்த மாதிரிச் சிக்கல் ஆகாது. எனக்கு அங்கே பார்க்கத் தோன்றியது அந்தப் பெண்கள் பின்னிய லேஸில் ஒரு சாண். எழுத்துக்கூட்டி வாசித்த முதல் தலைமுறைப் பெண்ணின் விரல் பட்டது. தன் பாட்டனுக்குத் திண்ணை மறுக்கப்பட்டவள், பேட்டைக்காரன் நான் திண்ணையைப் பற்றி உருகி எழுதுவதைப் படித்தால் சிரிப்பாள். சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு.

அப்படியானால் பேட்டையில் ஒரு பள்ளிக் காட்சிச்சாலை என்றால் எதை வைப்பது? சில வருஷங்களுக்கு முன் சிநேகிதர் ஒருவரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். எழுத்தாணி, ஓலைச்சுவடி, பிரம்பு என்று அவர் பட்டியல் போட்டார். இதெல்லாம் எந்த ஊர்க் காட்சிச்சாலைக் கண்ணாடிப் பெட்டியிலும் கிடைக்கும். எனக்கு வேண்டியது திண்ணை, அதன் உயரத்தோடு. தெருவிலிருந்து அது எத்தனை அடி என்று அளந்து எழுத வேண்டும். ஏறினவன் யார், கீழே நின்றவன் யார் என்று அந்தப் பலகையிலேயே இருக்க வேண்டும். அவர் இதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துத் திண்ணையும் இப்போது இல்லை. மோட்டார் சைக்கிள் ஏற்றச் சரிவு வேண்டுமென்று இடித்து சிமெண்ட் போட்டுவிட்டார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வண்டி நிறுத்த இடம் வேண்டும்.

என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பெருவிரல்தான். சின்ன வயதில் அவளுடைய அண்ணன் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கத்துவதை வாசற்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு எண்சுவடி முழுக்க அவளுக்குப் பாடமாகியிருந்தது. அண்ணன் பிற்காலத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். ஆச்சி மறக்கவில்லை. நெல் அளக்க வருகிறவன் கணக்கில் பிசகினால் உள்ளேயிருந்தே சத்தம் வரும். சாகிற வருஷம், நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு மா என்றால் எவ்வளவு என்று கேட்டேன். இருபதில் ஒன்று என்று அவள் சொல்லவில்லை. அப்படி அவளுக்குத் தெரியாது. மாவில் கால் காணி, காணியில் கால் முந்திரி என்று ராகத்தோடு ஆரம்பித்தாள். சொல்லும்போது அவள் வலது ஆள்காட்டி விரல் தரையில் எதையோ எழுதுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. எழுத்து எதுவும் அவளுக்குத் தெரியாது.